கணக்கு வருகிறது, புரியவில்லை

அன்புள்ள ஐயா,

நான் சுங்கை சிப்புட்காரி. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். நீங்களும் நம் ஊர்தான், இயற்பியல் படித்து ஆறாம் படிவத்துக்குப் பாடம் நடத்தியவர் என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

குவாண்டம் இயக்கவியலில் போன செமஸ்டர் பெட்டிக்குள் துகள், ஹைட்ரஜன் அணு எல்லாம் முடித்தோம். எனக்கு ஏ மைனஸ். உண்மையைச் சொன்னால் ஒன்றுமே புரியவில்லை. சமன்பாட்டை எழுதுகிறேன், எல்லை நிபந்தனையைப் போடுகிறேன், விடை வந்துவிடுகிறது. அளப்பதற்கு முன்னால் அந்த எலக்ட்ரான் எப்படி இருந்தது என்று டியூட்டோரியலில் கேட்டேன். "வாயை மூடிக்கொண்டு கணக்கைப் போடு என்று ஃபெய்ன்மனே சொல்லியிருக்கிறார்" என்று பதில் வந்தது.

ஆரம்பப் பள்ளி தமிழில், இடைநிலைப் பள்ளி மலாயில், இப்போது ஆங்கிலத்தில். அலைச்சார்பு, ஃபுங்சி கெலொம்பாங், வேவ் ஃபங்ஷன் மூன்றும் தெரியும். எந்த மொழியில் புரியவில்லை என்றே தெரியவில்லை. அப்பா செம்பனைக் குலை அறுக்கிறார். வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. வகுப்பில் மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். தோட்டத்துப் பள்ளியிலிருந்து வந்த எனக்கு மட்டும்தான் இப்படியா? புரியாமல் மதிப்பெண் வாங்குவது ஏமாற்று வேலை போல உறுத்துகிறது.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த வாக்கியத்தைச் சரிசெய்துவிடுவோம். அது ஃபெய்ன்மன் சொன்னதில்லை. டேவிட் மெர்மின் என்ற இயற்பியலாளர் 1989-இல் எழுதியது. குவாண்டம் இயக்கவியலுக்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் வழக்கமான விளக்கமான கோப்பன்ஹேகன் விளக்கத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று எழுதிவிட்டு, தான் வாயை மூடப்போவதில்லை என்றும் சேர்த்தே எழுதினார். ஃபெய்ன்மன் 1964-இல் கார்னெல் பல்கலைக்கழக உரையில் சொன்னது வேறு: குவாண்டம் இயக்கவியல் யாருக்கும் புரியவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம் என்றார். அதனால் தலையாட்டும் நண்பர்களைப் பார்த்துக் கலங்காதீர்கள்.

உங்கள் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். 1983-இல், இரண்டாம் ஆண்டில். அளப்பதற்கு முன்னால் அந்த மதிப்பு அங்கே இருந்ததா, இல்லையா என்று எழுந்து நின்று கேட்டேன். விரிவுரையாளர், அது தத்துவத் துறையில் கேட்க வேண்டிய கேள்வி என்றார். வகுப்பு சிரித்தது. உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் பட்டம் வாங்கும்வரை எந்த வகுப்பிலும் நான் கேள்வி கேட்கவில்லை.

பல வருடம் கழித்துத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. நான் கேட்ட அதே கேள்வியை ஜான் பெல் 1964-இல் அளந்து பார்க்கக்கூடிய ஒரு சமனின்மையாக, அதாவது ஒரு அளவு இந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்ற கணக்காக, மாற்றியிருந்தார். ஜான் கிளவுசர் 1972-இல் சோதனை செய்து பார்த்திருந்தார். அலான் ஆஸ்பே பாரிசுக்குப் பக்கத்தில் ஓர்சேயில் இன்னும் நுட்பமான சோதனைகளைச் செய்து முடித்தது 1982. அதாவது, வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்ததற்கு முந்தைய ஆண்டு! 2022-இல் கிளவுசர், ஆஸ்பே, இதே வழியில் சோதனைகள் செய்த சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்த அன்று நான் வெகுநேரம் தூங்கவில்லை. உங்கள் கேள்வியை யாராவது தள்ளிவிட்டால் இந்த மூன்று பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, புரிவதற்கு வருவோம். நீங்கள் பெட்டிக்குள் துகளில் தொடங்கியதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். பெரும்பாலான பாடத்திட்டம் அப்படித்தான் தொடங்குகிறது. அங்கே வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்ப்பதிலேயே மூச்சு வாங்கிவிடும், குவாண்டம் எங்கே இருக்கிறது என்பதே கண்ணில் படாது. அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டே நிலை உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

1922-இல் ஃபிராங்ஃபர்ட்டில் ஓட்டோ ஸ்டெர்னும் வால்டர் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே அனுப்பினார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்தது. மேல், கீழ். நடுவில் ஒன்றும் இல்லை. இப்போது மேலே போனதை மட்டும் எடுத்து, இடம்-வலமாகப் பிரிக்கும் காந்தத்துக்குள் விடுங்கள். பாதி வலம், பாதி இடம். வலம் போனதை மட்டும் எடுத்து மறுபடி மேல்-கீழ் காந்தத்துக்குள் விடுங்கள். ஏற்கெனவே ‘மேல்’ என்று பொறுக்கி எடுத்ததுதானே, எல்லாம் மேலேதான் போகும் என்று தோன்றும். போகாது. பாதி கீழே போகும்.

நோட்டுப் புத்தகத்தில் இதை எழுதுங்கள். ‘வலம்’ என்பது மேலும் கீழும் கூட்டி, 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது. ‘இடம்’ என்பது மேலிலிருந்து கீழைக் கழித்து, அதே எண்ணால் வகுத்தது. இரண்டிலும் முன்னால் நிற்கும் எண்ணை வர்க்கப்படுத்தினால் பாதிக்குப் பாதிதான் வருகிறது. அப்படியானால் அந்தக் கழித்தல் குறி எதற்கு? வலக் கற்றையையும் இடக் கற்றையையும், எது எந்த வழியில் போனது என்று பார்க்காமல், அப்படியே ஒன்றாகச் சேருங்கள். ‘கீழ்’ என்பதற்கு வலத்திலிருந்து கூட்டலும் இடத்திலிருந்து கழித்தலும் வந்து அடிபட்டுப்போகின்றன. எல்லா அணுவும் மேலே போகிறது. நடுவில் எட்டிப் பார்த்து வழியைக் குறித்துவைத்தால் மறுபடி பாதி கீழே போய்விடுகிறது.

நாணயம் சுண்டுவதில் இது நடக்காது. நிகழ்தகவு எப்போதும் கூடத்தான் செய்யும், ஒன்றை ஒன்று அடித்துவிடாது. குவாண்டத்தில் முதலில் முன்னால் நிற்கும் அந்த எண்களை, அதாவது வீச்சுகளை, கூட்டுகிறோம், அப்புறம்தான் வர்க்கப்படுத்துகிறோம். இந்த வரிசையில்தான் விஷயமே இருக்கிறது. பெட்டிக்குள் துகளும் ஹைட்ரஜன் அணுவும் இதே கணக்குதான், நிலைகள் மட்டும் முடிவில்லாமல் நிறைய. லீனியர் அல்ஜீப்ரா நோட்டைத் தூசு தட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் மீதி எல்லாம் தானாக நெருங்கி வரும். ஹைசன்பர்க் 1925-இல் குவாண்டம் இயக்கவியலுக்கு அடிபோட்ட கட்டுரையை எழுதியபோது தான் பயன்படுத்துவது மேட்ரிக்ஸ் பெருக்கல் என்றே அவருக்குத் தெரியாது. வயது 23. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மாக்ஸ் போர்ன். அந்தப் போர்னும் 1926-இல் நிகழ்தகவு விதியை முதலில் வர்க்கம் இல்லாமல் எழுதிவிட்டு, அச்சுப் படி திருத்தும்போது அடிக்குறிப்பில்தான் வர்க்கத்தைச் சேர்த்தார். அந்த அடிக்குறிப்பில் இருக்கும் விதிக்காக 1954-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

இதனால்தான் ஏமாற்று வேலை என்று நீங்கள் எழுதியதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எலக்ட்ரானுக்கு ஸ்பின் என்று, அதைச் சின்னக் காந்தம் போல நடக்கவைக்கும் ஓர் இயல்பு உண்டு என்ற எண்ணமே 1925-இல்தான் வந்தது. ஸ்டெர்னும் கெர்லாக்கும் தாங்கள் பார்த்தது அதைத்தான் என்று தெரியாமலேயே பார்த்திருக்கிறார்கள்.

என் அம்மா பால்மரம் (ரப்பர்) சீவியவர். பட்டைக்குள் உளி போகும் ஆழத்தில் ஒரு மில்லிமீட்டர் முன்பின்னாகப் போனால் போச்சு. குறைந்தால் பால் சரியாக வராது, கூடினால் மரத்துக்குக் காயம், அப்புறம் அந்த இடத்தில் முண்டு கட்டிவிடும். எப்படித் தெரியும் என்று கேட்டால் கையைத்தான் காட்டுவார். ஏன் இடப்பக்கம் உயரமாகத் தொடங்கி வலப்பக்கம் சரித்து வெட்ட வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறாமல் லேசாகச் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன, எதிர்ச்சாய்வில் வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும் என்று நான் படித்துவந்து சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். இருபது வருடமாக மரம் சீவியவர். அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உங்கள் கை இப்போது கணக்கைப் பழகிக்கொண்டிருக்கிறது. ‘ஏன்’ வரும்போது அதை வாங்கிக்கொள்ள அந்தக் கை தயாராக இருக்கும்.

மொழி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். அளந்தால் கிடைக்கக்கூடிய மதிப்பைச் சொல்லும் ஐகன்வேல்யூ என்ற சொல்லில் பாதி ஜெர்மன். ஆங்கிலம் பேசுகிறவனும் அதைக் கடன்தான் வாங்கியிருக்கிறான். அன்றாடப் பேச்சில் இதற்குச் சொல் வைத்திருக்கும் மொழி எதுவும் இல்லை. நீங்கள் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு டியூட்டோரியல் கணக்கு முடிந்ததும், என்ன செய்தீர்கள் என்று தமிழில் நாலு வரி எழுதுங்கள். கலைச்சொல்லுக்கு அலைய வேண்டாம், ஸ்பின்னை ஸ்பின் என்றே எழுதுங்கள். எழுத வராமல் எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ, உங்களுக்குப் புரியாத இடம் அதுதான். மூன்று மொழிக்கும் நடுவில் அது ஒளிந்துகொள்ள முடியாது.

தோட்டத்துப் பள்ளி பற்றிக் கேட்டீர்கள். வானியற்பியலாளர் சந்திரசேகரைப் பார், நம்மவர்தானே என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் சி.வி. ராமனின் அண்ணன் மகன். புத்தகங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். நம் தோட்டத்து லயத்து வீடுகளில் அது இல்லை, அந்தக் குறை உண்மையான குறைதான். இல்லாததை இல்லை என்று சொல்லிவிட்டு, அதை எப்படி ஈடுகட்டலாம் என்று பார்ப்போம். மற்றவர்களுக்கு வீட்டில் கிடைப்பது பெரும்பாலும் பேச்சுதான், சாப்பிடும்போது கேள்வி கேட்க ஒரு ஆள். வகுப்பில் உங்களைப் போலவே புரியாமல் தலையாட்டும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடியுங்கள். வாரத்துக்கு ஒரு மாலை சேர்ந்து உட்காருங்கள். எனக்கு அப்படி யாரும் அமையவில்லை. நானும் தேடவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான்.

விடுமுறை முடிவதற்குள் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு தருகிறேன். மேல்-கீழ், இடம்-வலம் இரண்டையும் வெறும் மெய்யெண்களை வைத்தே எழுதிவிட்டோம். மூன்றாவதாக முன்-பின் திசை இருக்கிறது. அதில் ‘முன்’ என்ற நிலை, மேல்-கீழ் காந்தத்திலும் பாதிக்குப் பாதி பிரிய வேண்டும், இடம்-வலக் காந்தத்திலும் பாதிக்குப் பாதி பிரிய வேண்டும். மெய்யெண்களை மட்டும் வைத்து அந்த நிலையை எழுதப் பாருங்கள். எங்கே முட்டுகிறது, அங்கே மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் ஏன் உள்ளே வருகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். பக்கத்தில் அந்த நாலு வரித் தமிழும் இருக்கட்டும்.