ஓராங் அஸ்லி கம்பங்களுக்குப் போகுமுன்: கேள்வி பதில்

கோலாலம்பூர் செந்தூல் இளைஞர்கள் சிலர், தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களின் கம்பங்களுக்கு (கிராமங்களுக்கு) உதவப் போகிறார்கள். நடமாடும் கிளினிக்கோடு பல ஆண்டுகள் உட்புறங்களுக்குப் போய்வந்த தாதி என்பதால் கேள்விகளை என்னிடம் அனுப்பினார்கள்.

கே: சபா, சரவாக் பூர்வகுடிகளும் ஓராங் அஸ்லிதானா, அக்கா?

இல்லை தம்பி, தீபகற்பத்தில் இருப்பவர்கள் மட்டும். மொத்தம் 18 இனங்கள். நமக்குப் பக்கத்திலேயே கோம்பாக்கில் தெமுவான், கேரித் தீவில் மா மெரி மக்கள் இருக்கிறார்கள்.

கே: அரசு மருத்துவமனையில் அவர்களுக்கு இலவசம்தானே, ஏன் வருவதில்லை?

கட்டணம் இல்லை, சரி. வண்டிக்கு யார் கொடுப்பது? கிளந்தான் மாநிலத்தின் குவா மூசாங் உட்புறத்திலிருந்து மரலாரிப் பாதையில் பல மணி நேரம் வர வேண்டும். மழை பிடித்தால் பாதையே இருக்காது. அப்படி வந்து சேர்ந்த ஒரு தாயை, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லையென்று பதிவு மேசையில் திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன். பின்னாலேயே ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். இன்றும் அந்த முகம் மறக்கவில்லை. கோம்பாக் ஓராங் அஸ்லி மருத்துவமனையில் 1950களிலேயே நோயாளியோடு குடும்பமும் வந்து தங்க இடம் கொடுத்தார்கள். அந்தப் பரிவு எல்லா இடத்திலும் வேண்டும்.

கே: பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சி மருந்து வாங்கிக் கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்காதீர்கள், கிளினிக் மூலமாகச் செய்யுங்கள். அல்பெண்டசோல் என்ற மருந்தை ஒரு வேளை கொடுத்தால் நாக்குப்பூச்சி போய்விடும். சாட்டைப்புழு அவ்வளவு லேசில் போகாது, பெரும்பாலும் மூன்று நாள் கொடுக்க வேண்டியிருக்கும். அப்புறம், புழு முட்டை மண்ணில்தான் கிடக்கிறது. கழிப்பறையும் சுத்தமான தண்ணீரும் இல்லாத கம்பத்தில் சில மாதங்களில் பிள்ளைக்குப் பழையபடி வயிறு உப்பி, இரத்தசோகை வந்துவிடும். பள்ளிகளில் 1974இல் தொடங்கிய பூச்சி மருந்துத் திட்டத்தை, நாடு முழுக்கக் குறைந்துவிட்டது என்று 1983இல் நிறுத்தினார்கள். நாட்டுக் கணக்கில் குறைந்தது. காட்டோரப் பிள்ளைகள் வயிற்றில் குறையவில்லை. என்னைக் கேட்டால், சேர்த்த பணத்தில் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுங்கள்.

கே: 2019இல் கோலா கோ என்ற கம்பத்தில் பல பேர் இறந்தது எதனால்?

கிளந்தானில் உள்ள பத்தேக் மக்களின் கம்பம் அது. தட்டம்மை என்று சுகாதார அமைச்சு உறுதி செய்தது. தடுப்பூசி போடாத, சத்துக் குறைந்த உடம்பில் தட்டம்மை உயிரைக் குடிக்கும். காடு செம்பனைத் தோட்டமாகிவிட்டால் கிழங்கும் மீனும் வேட்டையும் எங்கிருந்து கிடைக்கும்? கடைச் சோறும் சீனியும்தான் மிச்சம். ஊசி போடுவதோடு அவர்கள் நிலத்தையும் காப்பாற்றினால்தான் பிள்ளைகள் தேறுவார்கள்.

கே: எங்களுக்கு ஏதாவது தொற்றுமா?

குரங்கு மலேரியா இருக்கிறது. மனித மலேரியா உள்ளூரில் தொற்றியதாக 2018இல் ஒன்றுகூடப் பதிவாகவில்லை, ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் நோலேசி கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். அதனால் திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால் அன்றே இரத்தம் சோதியுங்கள், காட்டுக்குப் போனதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்களிடமிருந்து அவர்களுக்குத் தொற்றுவதுதான் எனக்குப் பெரிய பயம். சளி, இருமல் இருப்பவர் வீட்டிலேயே இருங்கள். பிஸ்கட்டும் இனிப்புத் தண்ணீரும் கொண்டுபோக வேண்டாம். கம்பத்தின் தலைவரான தோக் பாத்தினிடம் முன்கூட்டியே பேசி, என்ன தேவை என்று அவரையே கேளுங்கள்.