20,000 ரூபாயும் ஒரு மாருதி 800-ம்

வணக்கம் சார்,

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன். வயது 24. வீட்டில் அப்பா வாங்கிய 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி. போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸ் பார்க்கப் போனேன், மைதானத்தில் கோன் வைத்து ஒவ்வொரு காராக ஓடவிட்டு நேரம் பார்க்கும் போட்டி. அங்கே ஓட்டியவர்களில் பாதிப் பேரைவிட நான் நன்றாக ஓட்டுவேன் என்று தோன்றியது. அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்க ஆசை. சேர்த்து வைத்திருப்பது 20,000 ரூபாய். சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றி அலாய் வீல் போட்டால்தான் போட்டியில் நிற்க முடியும் என்கிறான் மெக்கானிக் நண்பன். இன்னொரு கூட்டம், "முதலில் ராத்திரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து எவ்வளவு நேரத்தில் மேலே ஏறுகிறாய் என்று காட்டு, அப்புறம் போட்டிக்குப் போ" என்கிறது. அம்மாவை ஊட்டிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் இதே வண்டியில்தான். மோட்டார் பந்தயம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? கார் பந்தயங்களைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

20,000 ரூபாயில் போகலாம். ஆனால் போட்டி முடிந்து வண்டி உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்வரை அதில் 10,000 ரூபாயைத் தொடாதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி அது. நாம் எல்லோரும் எடுக்கும் சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ், பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஓடும் வண்டிக்குச் செல்லாது. பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள், வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சொல்லும் இடத்தில் இது எழுதியிருக்கும். மைதானத்தில் ஒரு கல்லில் ஏறி அடிப்பக்கம் நசுங்கினால் கைக்காசுதான். அந்தப் பத்தாயிரம் போனால் வீடு தடுமாறும் என்ற நிலைமை என்றால் இந்த வருடம் ஓட்ட வேண்டாம். மைதானத்துக்குள் போக வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மீதிப் பத்தாயிரத்தில் முதல் செலவு நுழைவுக் கட்டணமும் லைசென்ஸும். இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அங்கீகாரத்தோடு நடக்கிற போட்டிக்கு அவர்களுடைய போட்டி லைசென்ஸ் வேண்டும், ஆர்.டி.ஓ. கொடுத்தது மட்டும் போதாது. பணம் கட்டுவதற்கு முன் அந்தப் போட்டிக்கென்று வெளியிடும் விதிமுறைத் தாளை வரிவரியாகப் படியுங்கள். உங்கள் 800 எந்த வகுப்பில் வரும், எந்தத் தரத்து ஹெல்மெட் கேட்கிறார்கள், கோனைத் தட்டினால் எத்தனை வினாடி கூடும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஒரே காரில் இரண்டு பேர் பெயர் கொடுக்கலாமா என்றும் பாருங்கள். சில இடங்களில் விடுவார்கள். விட்டால் உங்கள் மெக்கானிக் நண்பரும் ஓட்டலாம், பெட்ரோல் செலவு பாதியாகும். பைக்குக்குப் போடும் ஹெல்மெட்டை எல்லாப் போட்டியிலும் ஏற்க மாட்டார்கள். சொன்ன தரத்தில் புதிதாக வாங்குங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அடுத்தது பிரேக். மலையில் ஓடுகிற வண்டி என்பதால் பேடும் ஷூவும் சமவெளி வண்டியைவிட வேகமாகத் தேய்ந்திருக்கும். அதைவிட முக்கியம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அதுவே 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். ஆயில் கொதித்தால் உள்ளே குமிழி கட்டும், மிதித்தால் பெடல் தரைவரை போகும். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று அப்பாவுக்கு நினைவில்லை என்றால், மாற்றும் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஆயில், பேடு, வீல் அலைன்மென்ட் மூன்றையும் முடித்துவிடுங்கள். போட்டியில் தோற்றாலும் இந்தச் செலவு வீண் போகாது. அம்மாவோடு ஊட்டிக்குப் போய்வரும் பாதைக்கும் இதே பிரேக்தானே வேண்டும்.

உங்கள் மெக்கானிக் நண்பர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் சைலன்சரும் ஃபில்டரும் உங்களுக்குத் தரக்கூடியதைவிட அதிகமான பவரை மலை இறங்குவதே தந்துவிடும். உயரம் கூடக் கூட காற்று மெலிகிறது. டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் பவரை இழக்கும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 6,000 அடி. கோயம்புத்தூர் 400 மீட்டரை ஒட்டி. கீழே போனதும் உங்கள் 796 சிசி என்ஜினுக்கு, வீட்டு வாசலில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு பவர் சும்மா கூடிவிடுகிறது. நண்பர் ஸ்பானரை எடுக்க வேண்டிய இடம் வேறு. இந்தக் கார்புரேட்டர் மலைக் காற்றுக்கு டியூன் செய்யப்பட்டிருக்கும். யாராவது மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் துளையை, சிறியதாக மாற்றியிருந்தால் கீழே பெட்ரோல் போதாமல் என்ஜின் திணறும், சூடேறும். இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை, மலைக்காக முன்னே தள்ளி வைத்திருந்தால் கீழே என்ஜினில் தட்டுகிற மாதிரி நாக்கிங் சத்தம் கேட்கும். இரண்டையும் பார்த்து, கீழே போய்ச் சரிசெய்து, திரும்பும்போது பழையபடி வைக்க வேண்டும். நண்பருக்கு ஒரு நாள் வேலை இது, காசு அதிகம் ஆகாது. சத்தமாகக் கத்தும் சைலன்சர் போட்டால் திங்கட்கிழமை ரோட்டில் போலீஸ் நிறுத்தும். அதற்கு எதற்குச் செலவு?

அலாய் வீலும் வேண்டாம். டயரில் காற்று வைப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு இந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான், காசே இல்லாமல் வினாடி குறைவது இங்கேதான். முன்சக்கரத்தில் ஓடும் சின்னக் காரை வேகமாக வளைத்தால் முன் டயரின் பக்கச்சுவர் மடங்கி, பட்டன் (தரையைப் பிடிக்கும் வெட்டுகள் உள்ள பகுதி) தேய வேண்டிய இடத்தை விட்டு ஓரம் தரையில் தேயும். ஒரு சாக்பீஸை எடுத்து, பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் விளிம்பில் மூன்று இடங்களில் குறுக்காகக் கோடு போடுங்கள். ஒரு ஓட்டம் முடிந்து வந்ததும் குனிந்து பாருங்கள். கோடு பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை. பட்டன் ஓரத்திலேயே அழியாமல் நின்றிருந்தால் காற்று அதிகம். விளிம்போடு அழிந்து நின்றிருந்தால் சரியான அளவு. இறுகிய தரையிலோ தார்த் தளத்திலோ, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவைவிட முன்னால் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. கூட்டி ஆரம்பிக்கலாம். டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்டக் கூடாது. உதிரி மண் என்றால் இவ்வளவு கூட்ட வேண்டாம், அங்கே பட்டன் ஆழம்தான் காப்பாற்றும். மொட்டை டயரோடு மண்ணில் இறங்காதீர்கள்.

மலைக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று உண்டு. கோத்தகிரியில் காலைக் குளிரில் வைத்த அளவு கோயம்புத்தூரில் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள். வெயில் டயருக்குள் அழுத்தத்தைக் கூட்டும். இறங்கிய உயரம் கேஜில் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. குறைத்துக் காட்டும், ஏனென்றால் கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு ஈடுகட்டும் என்பது அன்றைய வெயிலைப் பொறுத்தது. ஒரு நல்ல கேஜும் கால்பம்பும் கையோடு கொண்டுபோய் மைதானத்திலேயே அளந்து வையுங்கள்.

அப்புறம் அந்த ராத்திரிக் கூட்டம். அவர்களோடு போகவே போகாதீர்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் பனி எந்த வளைவில் கட்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. காட்டுமாடு ரோட்டை மறித்து நிற்கும், ஹாரனுக்கெல்லாம் அசையாது. எதிரே இறங்கி வருவது பிரேக் சூடான காய்கறி லாரியாக இருக்கலாம், குழந்தைகளோடு ஊர் திரும்பும் குடும்பமாக இருக்கலாம். அவர்கள் யாரும் உங்கள் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. ஆட்டோகிராஸை நான் இவ்வளவு நேசிப்பதே இதனால்தான். ஒரு நேரத்தில் ஒரு கார், எதிரே யாரும் இல்லை, தவறினால் சாய்வது ஒரு பிளாஸ்டிக் கோன். வேகத்தின் மேல் ஆசை உள்ள 24 வயதுக்காரருக்கு அந்த ஆசையைக் கொண்டுபோய் வைக்க இப்படி ஓர் இடம் தேவை.

மலைப்பாதையில் எடுத்த நேரம் போட்டிக்கு உதவவும் உதவாது. காட் ரோட்டில் வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது, அதனால் இடது ஓரத்தை விடாமல் ஓட்டுகிறோம். அது சரியான பழக்கம், சாகும்வரை அதை விடக் கூடாது. மைதானத்தில் முழுப் பாதையும் கண்ணுக்குத் தெரியும். வெளி ஓரத்திலிருந்து உள்ளே வந்து, கோனை உரசுகிற மாதிரி போய், மறுபடி வெளியே விரிய வேண்டும். உங்கள் கை முதல் சில ஓட்டங்களில் தானாகவே இடது ஓரத்துக்கு இழுக்கும். மலை உங்களுக்குத் தந்திருக்கும் நல்லது வேறு: கியரைச் சரியான நேரத்தில் போடும் காது, எடை முன்னே சாய்வதை உணரும் இடுப்பு. அது இரண்டும் சமவெளிக்காரர்கள் பலருக்கு லேசில் வராது.

பாதிப் பேரைவிட நன்றாக ஓட்டுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் வெளியே நின்று பார்க்கும்போது மெதுவாகத் தெரிகிறவர்தான் பெரும்பாலும் வேகமானவர். மண்ணில் வால் வீசி வருவது பார்க்க அழகு, கடிகாரத்தில் அது நஷ்டம். அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு கொண்டை ஊசித் திருப்பத்துக்கு நேரே நின்று காதால் கேளுங்கள். நல்ல ஓட்டுநர் கோனுக்கு நன்றாக முன்பே பிரேக்கை முடித்துவிடுவார். நடுவில் ஒரு கணம் என்ஜின் அமைதியாக இருக்கும். ஸ்டீயரிங் நேராகத் தொடங்கியதும் சத்தம் ஒரே சீராக ஏறும், இடையில் விட்டுவிட்டு வராது. புதியவர் வேகமாக உள்ளே வந்து, முன்சக்கரம் திரும்ப மறுத்து நேராக வழுக்க, ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவார். அங்கே ஒரு வினாடி போய்விடும். மாருதி 800 மாதிரி 650 கிலோவை ஒட்டிய வண்டியில் அந்த ஒரு வினாடியை எந்த சைலன்சராலும் திரும்பிச் சம்பாதிக்க முடியாது. பெரும்பாலான பாதையை இரண்டாம் கியரிலேயே முடியுங்கள். போட்டிக்கு முன் பாதையை நடந்து பார்க்க விடுவார்கள், முடிந்தவரை பலமுறை நடங்கள். ஒருமுறை முடிவுக் கோட்டிலிருந்து பின்னோக்கி நடந்தால், எந்தத் திருப்பத்தை விட்டு எப்படி வெளியே வர வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும்.

பணக்காரர் விளையாட்டா என்ற கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். டிராக் பந்தயம் இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அதை மாற்றப் பார்த்தவர் உங்கள் மலைக்குக் கீழேதான் இருந்தார். கோயம்புத்தூர் கரிவரதன், மாருதியின் பாகங்களை வைத்தே குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் டிராக்குக்குத்தான் அவர் பெயர். வசதியான குடும்பத்தில் பிறந்தவர், வசதி இல்லாதவன் எப்படி உள்ளே வருவான் என்று யோசித்தார். உங்கள் வீட்டு வண்டியோடு தயங்காமல் போங்கள்.

இனி, சொல்கிறேன் என்ற வேறு வழி. போட்டி நடத்தும் கிளப்புகளுக்கு மார்ஷல்கள் எப்போதும் தேவை. கோன் சாய்ந்தால் நிமிர்த்தி வைப்பது, கொடி காட்டுவது, தட்டிய கோன்களை எழுதுவது. கிளப்பைத் தொடர்புகொண்டு முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள். திருப்பத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நாள் முழுக்க நின்று நூறு விதமான தவறுகளைப் பார்க்கலாம். போட்டிக்கு முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் எதற்கெல்லாம் வண்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதும் அங்கே தெரிந்துவிடும்: ஆடும் பேட்டரி, ஒழுகும் ஆயில், இறுக்காத வீல் நட்டு, காலடியில் உருளும் தண்ணீர் பாட்டில். பணம் இருந்தாலும் ஒரு போட்டியாவது இப்படி நின்றுவிட்டு அப்புறம் ஓட்டுங்கள் என்பது என் ஆசை.

அப்பாவிடம் சொல்லிவிட்டே வண்டியை எடுங்கள். போட்டி முடிந்ததும் டயரில் காற்றை ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவந்து, வீல் நட்டுகளை மறுபடி இறுக்கி, ஏர் ஃபில்டரில் படிந்த மண்ணைத் தட்டிவிட்டுப் புறப்படுங்கள். கண்ணும் காலும் இன்னும் மைதான வேகத்திலேயே இருக்கும். மேட்டுப்பாளையத்தில் இறங்கி டீ குடித்து, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மலை ஏறிவிடுங்கள். இருட்டிவிட்டால் அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் போகலாம், ஃபேக்டரிக்கு ஒரு நாள் லீவு சொல்வதில் தப்பில்லை.

ஓட்டியதும் எனக்கு எழுதுங்கள். முதல் ஓட்டத்தின் நேரமும் கடைசி ஓட்டத்தின் நேரமும் வேண்டும், எத்தனையாவது இடம் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.