தம்மாமில் இழுத்த கேபிள்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தளத்தை நீண்ட நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. எனக்கு 42 வயது, ஊர் கருங்கல் பக்கம். பி.இ. சேர்ந்து அரியரோடு பாதியில் விட்டேன். அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகவே சவூதிக்குப் போக வேண்டியதாயிற்று. தம்மாமில் சிசிடிவி, நெட்வொர்க் கேபிளிங் என்று 11 வருடம். கொரோனா சமயத்தில் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள், ஊர் திரும்பிவிட்டேன். இப்போது மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு கேமரா சர்வீஸ் கடை.

சைபர் செக்யூரிட்டி மேல் எனக்கு ரொம்ப நாள் ஆசை. போன வருடம் ஒரு பயிற்சி மையத்தில் ‘நூறு சதவீதம் வேலை உறுதி’ என்றதை நம்பி, மனைவியின் வளையலை அடகு வைத்து 90,000 ரூபாய் கட்டினேன். கிடைத்தது பழைய வீடியோக்களும் ஒரு சான்றிதழும்தான். நானே விண்ணப்பித்ததில் திருவனந்தபுரத்தில் ஒரே ஒரு இன்டர்வியூ வந்தது. என்னைவிட மிகவும் இளையவர் ஒருவர், “இத்தனை வருஷம் நீங்க ஏன் இந்த ஃபீல்டுக்கு வரல?” என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. கடையைப் பார்த்தால் போதாதா என்கிறார் அம்மா. மனைவி மட்டும் இன்னும் நம்புகிறாள். வயது கடந்துவிட்டதா அண்ணா? உண்மையைச் சொல்லுங்கள். பயோடேட்டாவை இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்தப் பணம். விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப்பில் அவர்கள் கொடுத்த வாக்குறுதி எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். 1915 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். பணம் திரும்பி வருமா என்பது ஆவணங்களைப் பொறுத்தது. ஆனால் வளையலை அடகு வைத்துக் கட்டிய பணத்தைக் கேட்காமல் விடக்கூடாது.

இனி உங்கள் பயோடேட்டா. முதல் பாதி முழுக்க அந்த மையத்தின் சான்றிதழும், வீடியோவில் பெயர் கேட்ட மென்பொருள்களின் பட்டியலும். தம்மாம் கடைசியில் ஒரே வரியில் இருக்கிறது: ‘சிசிடிவி மற்றும் கேபிளிங் பணி’. தம்பி, நான் ஆள் எடுக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். உங்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கக்கூடிய ஒரே வரியைக் கொண்டுபோய் அடியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். 2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் (தளத்தின் பெயரை வைத்து அதன் இணைய முகவரியைக் காட்டித் தருவது டிஎன்எஸ்) மேல் நடந்த தாக்குதல் அது. அதற்குப் பயன்பட்டது மிராய் என்ற தீநிரல் (மால்வேர்). அது பிடித்து வைத்திருந்த படை பெரும்பாலும் நெட்வொர்க்கில் இணையும் ஐபி கேமராக்களும், கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிகளும், வீட்டு ரவுட்டர்களும். உள்ளே நுழையப் பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சம் அதன் கையில் இருந்தன. தூரத்திலிருந்தே கருவிக்குள் நுழைய உதவும் டெல்நெட் வழியாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அட்மின்-அட்மின், ரூட்-12345, ரூட்-888888. இந்தப் பட்டியலை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் விரல்களுக்கே மனப்பாடமாக இருக்கும்.

மிராய், தான் புகுந்த கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே உட்காரும். கரண்டை நிறுத்திப் போட்டால் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாமல் திரும்ப ஆன் செய்தால் சில நிமிடங்களிலேயே மறுபடி தொற்றிக்கொள்ளும். ‘ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகுது, திரும்பவும் மெதுவாகுது’ என்று எத்தனை கடைக்காரர்கள் உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள்! எல்லாமே மிராய் என்று சொல்லவில்லை. அந்தக் குறையைக் கேட்டதும் இப்படி யோசிக்கத் தொடங்குவதுதான் இந்த வேலை.

நம் ஊரில் நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி குவைத்தில் இருக்கிறார், மார்த்தாண்டத்துக் கடையை அவர் போனில் பார்க்க வேண்டும். கேமரா மாட்ட வந்த பையன் ரவுட்டரில் கேமரா படம் வெளியே போகும் வழியான 554-வது போர்ட்டைத் திறந்துவிடுகிறான், பாஸ்வேர்டாகக் கடையின் போன் நம்பரைப் போடுகிறான், மறக்காமல் இருக்க அதையே டிவிஆர் மூடியில் மார்க்கரால் எழுதியும் வைக்கிறான். “படம் தெரியுதுல்லா, போதும்” என்று பணம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். பில் அடிக்கும் கம்ப்யூட்டரும் கேமராவும் ஒரே நெட்வொர்க் சுவிட்ச்சில் இருக்கின்றன. இதில் எங்கெங்கே ஓட்டை என்று வரிசையாகச் சொல்ல, பட்டத்தோடு புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. ஏணியில் ஏறி அந்தப் பெட்டியைத் திறந்தவருக்குத் தெரியும்.

2019-இல் கூடங்குளம் விஷயம் வெளியானபோது நீங்கள் தம்மாமில் இருந்திருப்பீர்கள். அங்கே ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அந்த அக்டோபரில் ஒப்புக்கொண்டது. அது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த கணினி என்றும், உலையை இயக்கும் நெட்வொர்க் தனி என்றும் விளக்கம் தந்தார்கள். எந்த நிறுவனத்திலும் வரைபடத்தில் நெட்வொர்க்குகள் தனித்தனியாகத்தான் இருக்கும். ஆனால் சுவிட்ச் ரேக்கின் பின்னால், அவசரத்துக்கு யாரோ செருகிய ஒரு பேட்ச் கார்டு, அதாவது ஒரு குட்டிக் கேபிள், இரண்டையும் இணைத்துவிட்டிருக்கும். அப்படி எத்தனை பார்த்திருப்பீர்கள்? உங்கள் 11 வருடங்களை எழுதும்போது அவற்றை எழுதுங்கள். எத்தனை கேமரா, எத்தனை சுவிட்ச், என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று.

அந்த இளைஞரின் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. “இந்தத் துறை காக்க வேண்டிய கருவிகளை 11 வருஷம் என் கையால் மாட்டினேன்.”

வயது பற்றி உண்மையைச் சொல்லக் கேட்டீர்கள். பெரிய கம்பெனிகளில் பட்டம் இல்லாத விண்ணப்பத்தைப் பல நேரம் மனிதர் பார்க்கும் முன்பே கழித்துவிடுகிறார்கள். உங்களுக்கு வயதைவிட அதுதான் பெரிய தடை. எஸ்ஓசி என்கிற கண்காணிப்பு மையத்தில் முதல் நிலை வேலை கிடைத்தாலும் இரவு ஷிப்ட் உண்டு, சம்பளம் கடை வருமானத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். நம் மாவட்டத்தில் தனியார் மருத்துவமனைகளும் பொறியியல் கல்லூரிகளும் நிறைய. நூற்றுக்கணக்கான கேமராவும் வைஃபையும் இருக்கும், பார்த்துக்கொள்ள ஓரிருவர்தான் இருப்பார்கள். என் கணிப்பில் உங்கள் வாசல் அங்கே இருக்கிறது. அந்த அனுபவத்தோடு பிறகு திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் போய் நின்றால் பேச்சே வேறாக இருக்கும். அதுவரை கடையை மூட வேண்டாம்.

கேமராவின் பாதுகாப்புச் சோதனையை மத்திய அரசு இப்போது கட்டாயமாக்கியிருக்கிறது. 2024 ஏப்ரலில் அறிவித்து, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த விதிகளைத் தேடி எடுத்து வரிவரியாகப் படியுங்கள். நம் ஊர்ப் பக்கத்தில் அதை எளிமையாக விளக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

படிப்புக்கு இனி யாருக்கும் பெரிய பணம் கட்டாதீர்கள். லினக்ஸ் கட்டளைகளுக்கு ஓவர்தவயர் தளத்தில் பாண்டிட் என்ற விளையாட்டு இலவசமாக இருக்கிறது, நிலை நிலையாகப் போகும். கை பழகியபின் காம்ப்டியா என்ற அமைப்பின் செக்யூரிட்டி பிளஸ் தேர்வு எழுதலாம், அதற்குப் பட்டம் கேட்பதில்லை.

அப்புறம், சொந்தக் கடை டிவிஆரை, நெட்வொர்க்கில் போய்வரும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் ஒரு இரவு முழுக்கக் கவனியுங்கள். யாரும் படம் பார்க்காத நேரத்தில் அது எந்த முகவரியோடு பேசுகிறது, ஏன் பேசுகிறது என்று தேடி ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன கண்டீர்கள், அதனால் என்ன ஆகலாம், எப்படிச் சரிசெய்வது. கடைக்காரருக்குப் புரியும் தமிழில் ஒன்று, இன்டர்வியூவில் காட்ட ஆங்கிலத்தில் ஒன்று.

அடுத்து வாடிக்கையாளர் ஒருவரின் கடை. அங்கே எழுத்தில் அனுமதி வாங்காமல் எதையும் தொடாதீர்கள். பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும் என்பது அனுமதி ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் உண்டு. நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று பிறகு சொல்லி நிற்பது பெரும்பாடு.

அனுமதிக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி தனி மெயிலில் அனுப்புகிறேன். பயோடேட்டாவைத் திருத்தியதும், அந்த ஒரு பக்க அறிக்கை தயாரானதும் இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து படித்துத் திருத்தித் தருகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்