பிறந்தநாளுக்கு வாசலிலேயே வீடியோ கேம்: கேட்டவையும் பதில்களும்

ஒரு ஆம்னி வேன், ரெண்டு 43 இஞ்ச் டிவி, ஒரு பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம், ஒரு நிண்டெண்டோ ஸ்விட்ச், ஒவ்வொன்றுக்கும் நாலு ஜாய்ஸ்டிக், ஒரு மூட்டை ஒயர். இவ்வளவுதான் நம்ம கடை. கும்பகோணத்தைச் சுற்றி பிறந்தநாள், காதுகுத்து எங்கே என்றாலும் கொண்டுபோய் இறக்கி, பிள்ளைகளை ஆடவிட்டு, ராத்திரி சுருட்டிக்கொண்டு வருவேன். வீட்டில் தாங்களே இப்படி ஒரு பார்ட்டி வைக்க நினைப்பவர்கள் கேட்டதற்கெல்லாம் கீழே பதில் எழுதியிருக்கிறேன். வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டவர்களுக்கு இதில் பதில் இல்லை, மன்னிக்கவும்.

மன்னார்குடி அப்பா: பையனுக்கு ஒன்பது வயது முடிகிறது. இருபது பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் பிளேஸ்டேஷனும் ரெண்டு ஜாய்ஸ்டிக்கும் இருக்கின்றன, போதாதா அண்ணா?

போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுட்பால் ஆட்டம் ஒன்று, டீம் எடுக்கிற சண்டையையும் சேர்த்தால் பத்து நிமிடம். இருபது பிள்ளைகள் என்றால் பத்து ஜோடி. கடைசி ஜோடி உட்காரும்போது ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும், அதற்குள் கேக் வெட்டிப் பந்தியும் போட்டிருப்பார்கள். இதே ரெண்டு டிவி, டிவிக்கு நாலு ஜாய்ஸ்டிக், மாரியோ கார்ட் மாதிரி ஆள் மாறுகிற நேரத்தையும் சேர்த்து நாலு நிமிடத்தில் முடிகிற ரேஸ் என்று வைத்தால் எட்டுப் பேர் ஆடுவார்கள், பன்னிரண்டு பேர்தான் வெளியே, எந்தப் பிள்ளையும் எட்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியதில்லை.

எல்லாரும் எந்த மிஷின், எந்த கேம் என்றே கேட்கிறீர்கள். நான் போனதும் பார்ப்பது ஆடாமல் நிற்கிற பிள்ளையைத்தான். பத்து நிமிடம் அடுத்தவன் ஆடுவதைப் பார்ப்பான், அதற்கு மேல் பொறுமை கிடையாது. சுவாமிமலைப் பக்கம் ஒரு காதுகுத்தில் அப்படி நின்ற நாலு பேர் கை கழுவுகிற குழாயைத் திறந்துவிட்டு, பந்தியில் மிச்சமான காகித டம்ளரைக் கிழித்துக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வாசலோடு ஓடிவந்து என் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு ரெண்டு அடி முன்னால் நின்றது. அன்றிலிருந்து பெட்டியைத் தரையில் வைப்பதே இல்லை, நாற்காலி மேல்தான். வெளியே நிற்பவர்களுக்கு ஒரு கேரம் போர்டையாவது போட்டுவிடுங்கள்.

ஜாய்ஸ்டிக் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கலாம். ஆனால் பிளேஸ்டேஷன் 5-க்கு உள்ளது 4-ல் சேராது, முன்னாலேயே கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, முதல் நாள் ராத்திரியே எல்லா கேமையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பார்ட்டி அன்றைக்குத் திறந்தால் அப்டேட் கேட்கும், உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் அது இறங்கி முடிவதற்குள் பையனுக்குப் பத்து வயது ஆகிவிடும்.

திருவாரூர்: வாசலில் பந்தல் போட்டுச் செய்கிறோம். கரண்ட் போனால் என்ன செய்வது? ஸ்டெபிலைசர் அவசியமா?

கரண்ட் போனால் டிவி அணையும், பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள், அவ்வளவுதான். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள், பேப்பரிலும் வரும், அந்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டிவியும் ஒரு பிளேஸ்டேஷன் 4 ஸ்லிமும் சேர்ந்து 200 வாட்ஸுக்குள்தான் இழுக்கும், ஸ்விட்ச் 20 வாட்ஸ்கூட எடுக்காது. வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் இருந்து, யாரும் நடுவில் போய் மிக்ஸி போடாமல் இருந்தால், ரெண்டு செட்டையும் ரெண்டு மணி நேரம் ஓட்டலாம். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் நல்லது.

ஸ்டெபிலைசர் தேவையில்லை. மிஷினின் பின்பக்கம் பாருங்கள், 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும். ஊரெல்லாம் மோட்டார் ஓடி உங்கள் வீட்டில் 170 வோல்ட் வந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். மிஷினைக் கொல்வது அதிக வோல்ட். பந்தலுக்கு ஜெனரேட்டரிலிருந்து மூணு ஃபேஸ் எடுத்து, ஒரு ஃபேஸில் சீரியல் லைட், ஒன்றில் மைக் செட், ஒன்றில் ஃபேன் என்று பிரித்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், ஒன்றுதான். அது எங்கேயாவது இன்சுலேஷன் டேப்புக்குள் லூசாகிவிட்டால், லோடு குறைவாக உள்ள பக்கம் 230 இருக்க வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறும், 400 வரைக்கும் போகலாம். ஒரு தடவை சீரியல் பல்பு திடீரென்று பளீரென எரிந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் "இப்பத்தான் லைட்டு கணக்கா எரியுது" என்றார். நான் திரும்புவதற்குள் என் டிவியில் ஒரு வாடை வந்தது. அந்த டிவி திரும்பி வரவேயில்லை. ஒரு பக்கம் பளீரென்றும் இன்னொரு பக்கம் மங்கலாகவும் எரிந்தால் நியூட்ரல் கோளாறு என்று வைத்துக்கொண்டு முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஆகவே பந்தல் லைனில் சொருகாதீர்கள். வீட்டுக்குள்ளிருந்து தனியாக ஒரு ஒயர் இழுங்கள், மல்டிமீட்டரில் பார்த்து 250-க்கு மேல் காட்டினால் எதையும் போடாதீர்கள்.

கும்பகோணம்: அண்ணா, ஜிடிஏ 5 கொண்டு வருவீங்களா?

2013-ல் வந்த கேம், ஐரோப்பாவில் 18 வயது என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். மாட்டேன்.

பட்டுக்கோட்டை: டிவி, மிஷின் எல்லாம் எதற்கு? எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலிருந்து போன் கொண்டுவந்தால் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்திய வடிவம்) ரூம் போட்டுவிடலாமே?

போடலாம், ஆனால் அது பார்ட்டி இல்லை, டியூஷன். இருபது பிள்ளைகள் திண்ணையில் வரிசையாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள், யார் பிறந்தநாள் என்றே தெரியாது. அந்த கேம் 16 வயதுக்கு மேல் என்று ஸ்டோரிலேயே போட்டிருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய அரசு சொல்லி அதை ஸ்டோரிலிருந்து தூக்கி, 2023 மே மாதம் திரும்ப விட்டபோது 18-க்குக் கீழ் ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் என்று கட்டுப்பாடு வைத்துத்தான் விட்டார்கள். அம்மாவுடைய போனை எடுத்துவந்து கீழே போட்டு உடைத்தவன் அழுதுகொண்டு நிற்பான், சமாதானம் சொல்லப் போவது நீங்கள்தான்.

நீடாமங்கலம்: ஆளுக்கு 50 ரூபாய் கட்டணம், ஜெயித்தவனுக்கு 500 என்று போட்டி நடத்தலாமா?

பிள்ளைகள் பார்ட்டியில் காசு வேண்டாம். பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் கேமுக்கு 2025-ல் மத்திய அரசு சட்டமே போட்டுத் தடுத்துவிட்டது. உங்கள் போட்டி அதில் சேருமா சேராதா என்பதை ஒரு வக்கீலிடம் கேளுங்கள், நான் ஒயர் இழுக்கிறவன்.

பாபநாசம், ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்: தம்பி, தோற்றவன் எழுந்திருக்க வேண்டும், ஜெயித்தவன் தொடர்ந்து ஆட வேண்டும் என்கிற முறையை நீங்கள் வைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். தோற்றுப் பழகாத பிள்ளை எப்படி உருப்படும்?

சார், தோற்கட்டும். தோற்றதற்காக வரிசையின் கடைசிக்கு ஏன் போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அந்த முறை வைத்தால் வீட்டில் சொந்த மிஷின் உள்ள பிள்ளை ராத்திரி வரை எழுந்திருக்கவே மாட்டான். வாழ்க்கையில் முதல் தடவை ஜாய்ஸ்டிக்கைத் தொடுகிற பிள்ளை மூணு நிமிடம் ஆடிவிட்டு அரை மணி நேரம் நிற்பான். பழக வேண்டியவனுக்கே பழக வழியில்லை.

வாத்தியார் மறுபடி: கபடியில் அவுட் ஆனவன் வெளியே உட்காரத்தானே செய்கிறான்?

உட்காருகிறான், ஆனால் அவன் கட்சி எதிரியில் ஒருத்தரை அவுட் ஆக்கினால் இவன் உள்ளே வந்துவிடுகிறான். எனக்கே நீங்கள் கபடி சொல்லித்தரலாமா சார்! அங்கே தோற்றவனைத் திரும்ப எழுப்புகிற வழி ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

இதற்குப் பிறகு ஆளாளுக்குப் புகுந்துவிட்டார்கள். குத்தாலத்திலிருந்து ஒரு அம்மா, தன் மகள் நாற்பது நிமிடம் நின்று முன்னால் வந்த நேரத்தில் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றும், வண்டியில் வரும் வழியெல்லாம் அவள் பேசவே இல்லை என்றும் எழுதியிருந்தார். அய்யம்பேட்டை தம்பி ஒருவர், அந்தக் காலத்தில் கேசட் போட்டு ஆடிய கடையில் அரை மணிக்கு இவ்வளவு என்று காசு, ஜெயித்தாலும் தோற்றாலும் நேரம் முடிந்தால் கடைக்காரர் ரீசெட் பட்டனில் கை வைத்துவிடுவார், அதுதான் நியாயம் என்றார். நான் அந்தக் கட்சி.

வாத்தியார் விடவில்லை. மாரியோ கார்ட்டைப் பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மூணாவது தடவை வந்தார்: கடைசியில் ஓடுகிறவனுக்கு நல்ல ஆயுதம் கிடைக்குமாமே, வண்டி ஓரம் போனால் அதுவே ரோட்டுக்குத் திருப்பிக்கொள்ளுமாமே, இதெல்லாம் ஒரு விளையாட்டா?

ஆமாம் சார், பின்னால் வருகிறவனுக்குத்தான் அதில் பெரிய ஆயுதம் கிடைக்கும். வண்டி தானாகத் திரும்புவது ஸ்மார்ட் ஸ்டியரிங் என்று ஒரு வசதி, வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். ஐந்து வயதுக் குழந்தையும் பன்னிரண்டு வயது அண்ணனும் ஒரே திரையில் ஆட வேண்டும் என்று செய்த கேம் அது. பெரியவன் ஜெயிப்பான், ஆனால் சின்னவள் பள்ளத்தில் விழுந்து கிடந்து அழ மாட்டாள். ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கவில்லை நாம்.

கடைசியில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம், அதுவும் அவர் சொன்னதுதான். ஜெயித்தவன் உட்காரலாம், ஆனால் தொடர்ந்து ரெண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டால் அவனும் எழுந்துவிட வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது சரியாக வரும் என்று தோன்றுகிறது. அதற்குக் கீழே பிள்ளைகள் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கிற என் முறையையே வைத்துக்கொள்கிறேன்.

வலங்கைமான்: அண்ணா ஜிடிஏ வைஸ் சிட்டி மட்டுமாவது...

அதுவும் கிடையாது.

திருவையாறு அக்கா: சாப்பாடு எப்போது போடுவது? ஜாய்ஸ்டிக் பாழாகாமல் என்ன செய்வது?

உங்கள் ஊர் அசோகா அல்வாதான் அக்கா எனக்கு முதல் எதிரி. நெய் சொட்டச் சொட்ட ஒரு வாய் போட்டுக்கொண்டு, விரலைச் சட்டையில் தேய்த்துவிட்டு வந்து உட்காருவான். நெய் பட்டனின் ஓரத்து இடுக்கில் இறங்கும், மறுநாள் காலையில் அது இறுகிப்போய் அமுக்கின பட்டன் மேலே வராது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து, இடுக்கு இடுக்காகச் சுற்றி எடுக்க ஜாய்ஸ்டிக்குக்குக் கால் மணி நேரம் ஆகும். ஆட்டம் முதலில், சாப்பாடு பிறகு, சாப்பிட்ட பின் ஆட்டம் கிடையாது. நடுவில் பசித்தால் முறுக்கு, எண்ணெய் காய்ந்ததாக இருக்கட்டும்.

மயிலாடுதுறை: ஐப்பசியில் மகள் பிறந்தநாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மொட்டை மாடியில் வைத்தால் அழகாக இருக்கும் அல்லவா?

சுற்றிலும் வயலா? அப்படியென்றால் வேண்டாம். பயிர் நிற்கிற காலத்தில் பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடி வரும். சுற்று வட்டாரத்தில் உங்கள் டிவிதான் பெரிய விளக்கு. திரை முழுக்கப் பொட்டுப் பொட்டாக அப்பிக்கொள்ளும், பிள்ளைகள் கண்ணிலும் பாயசத்திலும் விழும். வைத்தே தீர வேண்டும் என்றால் தூரத்தில் ஒரு குழல்விளக்கை எரியவிட்டு, அதன் கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, டிவி பக்கத்து விளக்குகளை அணைத்துவிடுங்கள். பாதிப் பூச்சியாவது அங்கே போகும். மாடிக்கும் வீட்டிலிருந்து தனி ஒயர்தான், பந்தல் லைன் கூடாது.

ஒரத்தநாடு: தை மாதம், எங்கள் நெற்களத்தில் இடம் நிறைய இருக்கிறது. அங்கே?

அறுப்பு முடிந்த களத்தில் சுணை பறக்கும். பிள்ளைகள் சொறிவார்கள், பிளேஸ்டேஷன் ஃபேன் அதை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு ஏரோப்ளேன் மாதிரி இரையும். மாட்டுக்கொட்டகை பரவாயில்லை.

சீர்காழி: பையனுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது. ஆடலாமா?

இதை என்னிடம் கேட்காதீர்கள், அவனைப் பார்க்கிற டாக்டரிடம் கேளுங்கள். அவர் சரி என்று சொல்லாமல் உட்காரவைக்க வேண்டாம். படபடவென்று மின்னுகிற வெளிச்சம் சில பிள்ளைகளுக்கு வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரே ஒரு டிவி கார்ட்டூன் காட்சியைப் பார்த்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். நான் எங்கே போனாலும் இப்படி யாராவது உண்டா என்று முதலில் கேட்டுவிடுவேன். இருட்டறையில் ஆடவிடுவதும் இல்லை.

நாகப்பட்டினம்: புரொஜெக்டர் போட்டால் பெரிதாகத் தெரியுமே?

பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரியில் தெரியும், ஆனால் பல புரொஜெக்டர்களில் பட்டன் அமுக்கிய பிறகு படம் தாமதமாக வரும், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்து "லேட்டா குதிக்குது" என்பார்கள். டிவியிலும் கேம் மோடைப் போட மறக்காதீர்கள், மறந்தால் இதே கோளாறுதான்.

கொரடாச்சேரி: விஆர் கண்ணாடி?

பிளேஸ்டேஷன் விஆரை 12 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று சோனியே சொல்கிறது.

திருவிடைமருதூர்: பந்தல்காரரே பிளக் பாயிண்ட் தருகிறேன் என்கிறார், அதில்...

மேலே திருவாரூருக்குச் சொன்னதைப் படியுங்கள். படித்துவிட்டு மறுபடி ஒரு தடவை படியுங்கள்.

கும்பகோணம், இன்னொருவர்: ப்ரோ ஜிடிஏ...

அடுத்தவர்.

பாபநாசம் வாத்தியார், நாலாவது தடவை: பேரனுக்கு மாசியில் ஏழு வயது முடிகிறது. பெரியவர்கள் ஆடுவதற்கு ஏதாவது தடை உண்டா?

இல்லை சார். சீட்டில் உங்கள் பெயரையும் எழுதிக்கொள்கிறேன்.

வேதாரண்யம்: இவ்வளவு தூரம் வருவீர்களா?

வருவேன், ஐப்பசி, கார்த்திகை தவிர. மழைக்குப் பயந்து நீங்கள் தள்ளிவைப்பீர்கள், நான் வேறு யாருக்கும் அந்தத் தேதியைத் தர முடியாமல் உட்கார்ந்திருப்பேன். மார்கழி பாதிக்கு மேல் சொல்லுங்கள். வாசல் தெருவுக்குள் ஆம்னி திரும்புமா, வாய்க்கால் பாலம் எவ்வளவு அகலம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.