அருவியின் முதுகுப்பக்கம்: கேள்வி பதில்

ஐஸ்லாந்தின் செல்யாலண்ட்ஸ்ஃபோஸ் அருவிக்குப் பின்னால் நின்று, தண்ணீர்த் திரை வழியாக அந்திச் சூரியனை எடுத்த என் படத்தைப் பார்த்துப் பலர் கேட்டவை இவை.

கே: அருவிக்குப் பின்னால் போவது ஆபத்தில்லையா?

ப: மலையேற்றம் எதுவும் கிடையாது. தண்ணீர் சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அதன் பின்னால் பாறை குகை போலக் குடைந்திருப்பதால் நடைபாதை அப்படியே ஒரு சுற்று சுற்றி வரும். ஆனால் வழி முழுக்க ஈரம், வழுக்கும். குளிர்காலத்தில் பனிக்கட்டி படிந்தால் பாதையை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கே: எந்த நேரம் நல்லது?

ப: மாலை. அருவி மேற்கைப் பார்த்து இருப்பதால் பின்னாலிருந்து பார்த்தால் சாயும் சூரியன் எதிரே தெரியும். ஜூனில் அங்கே சூரியன் மறைய நள்ளிரவு நெருங்கிவிடும். தூக்கத்தைத் தியாகம் செய்தால் கூட்டமும் இருக்காது.

கே: நான் எடுத்ததில் பாறை கன்னங்கரேல், வெளியே வெள்ளை வெளேர். எங்கே தப்பு?

ப: கேமரா குகையின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டியும் பாறைக்குப் போதவில்லை, வெளியே மட்டும் வெளுத்துவிட்டது. வானத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (படத்தில் விழும் வெளிச்ச அளவு) வையுங்கள், கேமரா சுருக்காமல் சேமிக்கும் RAW கோப்பாக எடுங்கள், பாறையின் விவரத்தை அப்புறம் கொஞ்சம் மீட்கலாம். மூன்று வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்து இணைப்பவர்களும் உண்டு. தண்ணீர் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும் என்பதால் பாறையை மட்டும் இணைக்க வேண்டும். என்னைக் கேட்டால் பாறை கறுப்பாகவே இருக்கட்டும். அது வாசல் நிலை மாதிரி, கண் வெளியே போகத்தானே அது?

கே: லென்ஸில் சாரல் அடித்துக்கொண்டே இருக்கிறதே அண்ணா, என்னதான் செய்வது?

ப: பாதி வேலையே இதுதான். முதல் தடவை போனபோது நாற்பது படம் எடுத்தேன். கேமராத் திரையில் எல்லாம் அருமை. அறைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் சூரியனுக்குப் பக்கத்திலேயே ஒரு துளி, கோலிக்குண்டு அளவுக்கு மங்கலாக. நாற்பதிலும்!

இப்போது நான்கைந்து மைக்ரோஃபைபர் துணி கொண்டுபோகிறேன், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். முதலில் ட்ரைபாட், ஃப்ரேம், ஃபோகஸ் எல்லாவற்றையும் முடித்துவிடுவேன். ஆட்டோஃபோகஸ் விழும் துளிகளைத் துரத்தும், அதனால் பாறை விளிம்பில் ஃபோகஸ் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுவேன். லென்ஸைத் துணியால் மூடியபடி காற்று ஓய்வதற்குக் காத்திருந்து, துடைத்து, உடனே இரண்டு மூன்று க்ளிக். திரும்ப மூடு. இன்னொன்று: வைட் லென்ஸில் துளையைச் சிறிதாக்கி எஃப்/16 வைத்தால் கண்ணாடியில் ஒட்டிய துளி பளிச்சென்று தெரியும். துளையைப் பெரிதாக்கி எஃப்/5.6 பக்கம் வந்தால் கரைந்துபோகும்.

கே: பட்டுத்துணி மாதிரி தண்ணீர் வர ஷட்டர் எவ்வளவு?

ப: முன்னாலிருந்து எடுத்தால் கால் நொடி முதல் ஒரு நொடி வரை. பகலில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேவைப்படும். பின்னாலிருந்து அதையே செய்தால் தண்ணீர் வெள்ளைத் திரையாகி வெளியே உள்ள புல்வெளியை மறைத்துவிடும். அங்கே நான் 1/500 வைத்தேன். நீர் கம்பி கம்பியாகப் பிரிந்து, இடுக்கு வழியே சூரியன் வந்தது.

கே: அங்கிருந்து வானவில் கிடைக்குமா?

ப: கிடைக்காது. வானவில் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையைச் சுற்றி 42 பாகையில் விழுவது. நீங்களோ சூரியனைப் பார்த்து நிற்கிறீர்கள். அதே மாலையில் முன்பக்கம் வாருங்கள், வெயில் முதுகில் படட்டும். லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டியிருந்தால் மெல்லத் திருப்பிப் பாருங்கள்; ஒரு நிலையில் வானவில் காணாமலே போய்விடும். விக்டோரியா அருவியில் பௌர்ணமி இரவில் நிலவொளியிலேயே வில் தெரியும். அதற்கு ட்ரைபாட் கட்டாயம்.

கே: நயாகராவிலும் பின்னால் போகலாமாமே?

ப: கனடா பக்கம் குதிரைலாட அருவிக்குப் பின்னால் சுரங்கப்பாதை உண்டு. உள்ளே இருக்கும் திறப்புகளில் வெள்ளைச் சுவரும் இரைச்சலும்தான். படத்துக்கு, கீழே அருவியை ஒட்டியிருக்கும் வெளித்தளமே மேல்.

கே: ட்ரோன்?

ப: அந்தந்த இடத்து விதியை முதலில் பாருங்கள். தவிர, திரைக்குப் பின்னால் அது உதவாது.

கே: என்னிடம் ஃபோன் மட்டும்தான்.

ப: தாராளமாகப் போதும். ஐஃபோனில் லைவ் ஃபோட்டோ எடுத்து, அப்புறம் லாங் எக்ஸ்போஷராக மாற்றலாம். வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நனைந்த திரை விரலுக்குக் கட்டுப்படாது, வால்யூம் பட்டனால் எடுங்கள்.