தாயில்லாத நாய்க்குட்டிக்கு முதலில் வேண்டியது பாலன்று

கேள்வி: எங்கள் வளவுக்குள் குட்டி போட்டிருந்த தெருநாய் பிரதான வீதியில் வாகனம் மோதி இறந்துவிட்டது. பிறந்து நான்கு நாளான மூன்று குட்டிகளையும் மழையில் நனைந்தபடி எடுத்துவந்து, பசுப்பாலில் மாரி பிஸ்கற் கரைத்து ஊட்டினேன். நேற்று ஒன்று இறந்துவிட்டது. மற்ற இரண்டும் கழிந்துகொண்டும் அனுங்கிக்கொண்டும் இருக்கின்றன. எந்தப் பால் கொடுப்பது? தெள்ளு இருப்பதால் குளிப்பாட்டலாமா? (ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: பாலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் குட்டிகளுக்கு இப்போது பாலைவிட அவசரமாக வேண்டியது சூடு. பிறந்த குட்டியால் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடல் 34 பாகை செல்சியசுக்கும் கீழே குளிர்ந்துவிட்டால் குடல் அசைவு நின்றுவிடுவதால், ஊட்டிய பால் செரிக்காமல் வயிற்றிலேயே தேங்கி, மேலே எதுக்களித்து நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். குட்டி அனுங்குவதைப் பசி என்று எண்ணி மேலும் மேலும் பால் புகட்டுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் பாலை நிறுத்திவிட்டு, நன்றாகத் துடைத்து, உங்கள் உடலோடு அணைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மெதுவாகச் சூடேற்றிய பின்னரே ஊட்டுங்கள்.

முதல் வாரத்தில் குட்டி படுக்குமிடம் 29 முதல் 32 பாகை வரை இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் வீடுகள் தாமாகவே இந்தச் சூட்டில் இருக்கும். மாரி மழையில் ஈரச் சீமெந்துத் தரை அப்படி இராது. ஆகவே ஓர் அட்டைப் பெட்டியைப் பலகையின்மேல் வைத்து, உள்ளே துவாய் விரித்து, சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மறுபக்கம் குளிர்ச்சியாக இருந்தால், சூடு மிகும்போது குட்டி அங்கே ஊர்ந்துபோகும்.

இனிப் பாலுக்கு வருவோம். நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசுப்பாலைவிட ஏறத்தாழ இரு மடங்கு, பாற்சர்க்கரையோ குறைவு. அதனால்தான் பசுப்பால் குடித்த குட்டி கழிகிறது, நிறையும் ஏறுவதில்லை. ஆட்டுப்பால் நல்லது என்று ஊரில் சொல்வார்கள்; அதன் சேர்மானமும் ஏறக்குறைய பசுப்பாலைப் போன்றதே. பிஸ்கற்றின் மாப்பொருளைச் செரிக்கும் வலு இந்த வயதில் இல்லை. டின்பாலின் சீனி கழிச்சலைக் கூட்டும். நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவே தகுந்தது. அது கிடைக்கும்வரை ஓரிரு நாள்களுக்கு, ஒரு கோப்பை கொழுப்பு நீக்காத பாலில் மூன்று முட்டை மஞ்சட்கருவையும் ஒரு மேசைக்கரண்டி மரக்கறி எண்ணெயையும் அடித்துக் கலந்து, இளஞ்சூட்டில் கொடுக்கலாம்.

நூறு கிராம் நிறைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிலீற்றர் அளவு போதும். முதல் வாரத்தில் இரவிலும் இரண்டு மூன்று மணிக்கொரு முறை ஊட்ட வேண்டியிருப்பதால், வீட்டில் இன்னொருவரையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனியாக விழித்திருப்பவர் மூன்றாம் இரவில் தூங்கிப்போவார். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்காமல், வயிறு கீழிருக்கத் தலையைச் சற்றே உயர்த்திச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் வாலின் அடியை மெதுவாகத் தடவினால்தான் மலசலம் கழியும். தாய் நக்கிச் செய்யும் இந்த வேலையை மூன்று வாரம் வரை நீங்கள் செய்ய வேண்டும்.

சமையலறைத் தராசில் நாள்தோறும் நிறுங்கள். நாளுக்கு 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். நிறை குறைந்தாலோ, நாளைக்கும் கழிச்சல் நிற்காவிட்டாலோ, முரசு (ஈறு) வெளிறினாலோ தாமதிக்காமல் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நான்கு நாள் தாயிடம் இருந்ததால் அவை நோயெதிர்ப்புத் தரும் முதற்பாலான கடும்புப்பால் குடித்திருக்கும் என்பது ஒரு நல்ல செய்தி.

குளிப்பாட்ட வேண்டாம், தெள்ளு மருந்துத் தூளும் இந்த வயதில் நஞ்சாகலாம். பேன் சீப்பால் வாரி, தெள்ளைச் சவர்க்கார நீரில் போட்டுவிட்டு, விரிப்பைத் தினமும் மாற்றினால் போதும். வட்டப்புழு தாயின் வயிற்றிலேயே தொற்றிவிடுவதால் இரண்டாம் வாரத்தில் பூச்சி மருந்து கொடுக்கத் தொடங்க வேண்டும். பிள்ளைகள் குட்டியைத் தொட்டபின் கை கழுவட்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில், குட்டிகளைக் கொல்லும் வைரஸ் கழிச்சல் நோயான பார்வோவுக்கு எதிரான தடுப்பூசியைத் தொடங்குங்கள். அப்போதே விசர்நாய்த் தடுப்பூசிக்கான நாளையும் வைத்தியரிடம் கேட்டுக் குறித்துவாருங்கள்.