எலி கடித்தது ஒரு இடம், எரிவது மூன்று விளக்கு

கேள்வி: எலி கடித்த ஒயரை மெக்கானிக் ஒட்டிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து, மழையில் போகும்போது ஏபிஎஸ் (பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஸ்டியரிங், ஏர்பேக் விளக்குகள் ஒன்றாக எரிந்தன. ஸ்பீடாமீட்டர் முள்ளும் பூஜ்யத்துக்கு விழுந்துவிட்டது. இத்தனையும் ஒரே நாளில் கெடுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கெடாது. அவற்றுக்குள் பேச்சுவார்த்தைதான் நின்றிருக்கும்.

நான் தொழில் பழகிய அம்பாசடரில் ஹாரனுக்கு ஒரு ஒயர், ஹெட்லைட்டுக்கு ஒரு ஒயர். அதைப் பிடித்துக்கொண்டே போனால் கோளாறு கிடைத்துவிடும். இப்போது இன்ஜின், ஏபிஎஸ், ஸ்டியரிங், மீட்டர் என்று ஆளுக்கொரு கம்ப்யூட்டர் பெட்டி. எல்லாம் ஒரே ஜோடி ஒயரில் பேசிக்கொள்கின்றன. 1986-ல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த முறைக்குப் பெயர் கேன் பஸ். (தண்ணீர் கேனும் இல்லை, டவுன் பஸ்ஸும் இல்லை!)

சக்கரம் சுற்றும் வேகத்தை ஏபிஎஸ் பெட்டி அந்த ஒயரில் பொதுவாகச் சொல்லும். யாருக்கு என்று விலாசம் கிடையாது. மீட்டர் அதைக் கேட்டு முள்ளை ஏற்றும், ஸ்டியரிங் கேட்டுத் தன் பலத்தைக் கூட்டிக் குறைக்கும். இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால், சிறிய எண் கொண்ட செய்தி முதலில் போகும். மற்றது அடங்கி அப்புறம் சொல்லும். ஏபிஎஸ் பெட்டியின் குரல் வராவிட்டால், காத்திருக்கும் மற்றவை தங்கள் விளக்கைப் போட்டுவிடும்.

அந்த ஜோடியை முறுக்கித்தான் வைத்திருப்பார்கள். வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழும்; பெட்டிகள் வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் அது கணக்கில் வராது. போன ஐப்பசியில் என்னிடம் வந்த ஒரு காரிலும் இதே கதை. முறுக்கைப் பிரித்து வெறும் டேப் சுற்றியிருந்தார்கள். பிரித்தால் உள்ளே ஈரம்; செம்பு பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (கோளாறு பார்க்கக் கருவியைச் செருகும் இடம்) 6, 14 பின்களில் மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால், 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாக்கெட்டுக்கும் இந்த ஒயருக்கும் நடுவில் செய்தியை வாங்கிக் கடத்தும் கேட்வே பெட்டி உள்ள கார்களில் இந்தச் சோதனை உதவாது, அங்கே ஸ்கேனர்தான். பழைய பழக்கத்தில் 12 வோல்ட் டெஸ்ட் லேம்பைக் குத்த விடாதீர்கள். அந்த ஒயரில் ஓடுவது ஒன்றரை முதல் மூன்றரை வோல்ட்தான்.

ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் அந்த டேப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.